சம்ரல் மில் ஆட்கள்

…அந்தத் திருப்பம் தாண்டிவிட்டதா, இன்னும் வரவில்லையா, கொலம்பியா நகரத்துக்குப் போகும் இந்தச் சாலை நெல்டாவுக்குப் புதிதல்ல, ஆனால் நாற்பது வருஷமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் புருஷன் வெண்டல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பீச் தோப்புகளை வேடிக்கை பார்த்து வந்தவள், வேடிக்கை பார்க்கிறவளுக்கும் வழி தெரியும் என்று ஒரு நினைப்பு, இப்போது தானே ஓட்டும்போதுதான் தெரிகிறது, ஒன்றும் தெரியாது… வெண்டல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான், மில்லை மூடிய அதே வருஷம், அவனாகப் போனானா மில் இழுத்துக்கொண்டு போனதா என்று ஊர் பேசிக்கொண்டது. பின்னால் அட்டைப் பெட்டிகள், வண்டியின் கூரை முட்டும் வரைக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒன்றோடொன்று உரசி முனகுகின்றன, சம்ரல் மில்லில் ஒரு நாளாவது வேலை பார்த்த அத்தனை பேரும் அதற்குள்ளே இருக்கிறார்கள், ஆளுக்கு ஓர் அட்டை, பெயர், வீட்டு எண், எந்தப் பிரிவு, அடியில் மேஸ்திரியோ முதலாளியோ எழுதிய ஒரு வரி. கணக்குப் புத்தகங்கள் போன மாதமே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன, படங்களும் போயின, சுதந்திர தினப் பிக்னிக்கில் அவள் மாமனார் பெரியவர் சம்ரல் தர்ப்பூசணி வெட்டுகிற படம் உட்பட. இவை மட்டும் போகக்கூடாதென்றான் ராய்ஸ், வெண்டலின் தம்பி. நேற்று சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "அண்ணி, ஆள் அட்டை வேண்டாம். திங்கக்கிழமை கட்டடத்தை இடிக்கறாங்க, அதோட போகட்டும்" என்றான். ஏன் என்று கேட்டாள். "ஏன்னா அதுல இருக்கறவங்க தபாலாபீஸ்ல தெனமும் என் மூஞ்சியில முழிக்கறாங்க. அவங்க அப்பனைப் பத்தி எங்கப்பா எழுதி வச்சதை அவங்க படிக்கணுமா? யாருக்கு அதனால நல்லது?" அதில் பாதி அவன் கையெழுத்து என்பதை அவன் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் யோசிக்கிறேன் என்றாள். அவன் படியில் இறங்கிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "கடைசியில நீங்க அந்தப் பக்கத்து ஆளுதானே அண்ணி" என்றான். அந்தப் பக்கம்… நாற்பது வருஷம் அவன் தட்டில் ரொட்டி வைத்தவளுக்கு. ராத்திரியெல்லாம் யோசித்ததாக நினைத்தாள், காலையில் எழுந்தபோது யோசிக்க எதுவும் இருந்திருக்கவில்லை என்று தெரிந்தது, மில்லுக்குப் போய் இடிக்க வந்த ஆட்களைக் கூப்பிட்டுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொன்னாள், அவ்வளவுதான், திருட்டு இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. திருட்டா? வெண்டலின் பங்கு அவளுடையதுதானே… இருந்தாலும் அந்த ஆட்கள் "மேடம், மிஸ்டர் ராய்ஸுக்குத் தெரியுமா" என்று கேட்டபோது தெரியும் என்று சொன்னவள் அவள்தான்.

பக்கத்தில் வெர்டி அக்கா, மூக்கில் குழாய், காலடியில் பிராணவாயு சிலிண்டர், அதைச் சிலிண்டர் என்று அவள் சொல்வதில்லை, என் புருஷன் என்பாள், "எங்க போனாலும் கூடவே வர்றான், குடிக்கறதில்ல, எதிர்த்துப் பேசறதில்ல". கல்யாணமே செய்துகொள்ளாதவள். பதினைந்து வயதில் கார்டிங் பிரிவுக்குள் போனாள், பஞ்சை வாரிச் சிக்கெடுக்கும் இயந்திரங்கள், தூசி பனிமூட்டம் மாதிரி நிற்கும், எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது, அங்கேயே இருந்தாள், இனி மூச்சு இல்லை என்கிற வரைக்கும். அட்டைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று போனில் சொன்னபோது "நானும் வர்றேன்" என்றாள். நெல்டாவுக்கு அப்போது ஒரு சந்தோஷம் வந்தது, அக்கா புரிந்துகொண்டாள், அக்காவுக்காகத்தானே இதெல்லாம், அக்காவும் அம்மாவும் இருந்தார்கள் என்று எங்கேயாவது ஓரிடத்தில் இருக்க வேண்டாமா, கட்டடம் போகிறது, அதன் செங்கல்லை அட்லாண்டாவில் எவனோ சாப்பாட்டுக் கடை கட்ட வாங்கிவிட்டான், பைன் உத்தரங்களுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று, மில் சங்கைக்கூட எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான், மிச்சம் இந்த அட்டைகள்தான்… அப்படித்தான் நினைத்தாள். ஆனால் ஏறி உட்கார்ந்ததிலிருந்து அக்கா பேசவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருகிறாள். குழாயில் காற்று சீறுவது மட்டும் கேட்கிறது. வாயாடி அக்கா பேசாமல் வந்தால் நெல்டாவுக்குக் கை பரபரக்கிறது, ரேடியோவைப் போட்டாள், அணைத்தாள், ஜன்னலை இறக்கினாள், அனல் அடித்தது, ஏற்றினாள்.

"கோவமா அக்கா?" 

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஆற்றுப் பாறைகளின் மேல் தண்ணீர் விழுந்த இடத்தில் பெரியவர் சம்ரலின் அப்பா மில்லைக் கட்டினார், ஆற்று மண்ணிலேயே செங்கல் அறுத்தாராம், பட்டினியில் கிடந்த மலைக்காட்டுச் சனங்களுக்கு வேலை கொடுத்தாராம், வீடு கொடுத்தார், கோயில் கட்டிக் கொடுத்தார், பள்ளிக்கூடம் வைத்தார், மேட்டில் இருந்த சம்ரல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையை நெல்டா எத்தனை தடவை கேட்டிருப்பாள், கேட்கும்போதெல்லாம் அந்தப் பட்டினிச் சனங்கள் யாரோ வேறு ஆட்கள் என்பது போலத் தலையை ஆட்டியிருக்கிறாள், மாமியார் அவள் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபடுவாள். கீழே ஆற்றோரம், மில் ஆட்களின் வீடுகளில், அதே கதை வேறு மாதிரி, கொடுத்த வீட்டை எப்போது வேண்டுமானாலும் பிடுங்குவார்கள், முப்பத்திநாலாம் வருஷம் ஊரெல்லாம் வேலைநிறுத்தம் வந்தபோது பட்டாளம் துப்பாக்கியில் கத்தி சொருகிக்கொண்டு கேட்டில் நின்றது, நெல்டா அப்போது கைக்குழந்தை, அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து பார்த்தாளாம், எதிர்வீட்டுச் சாமான்களை மழையில் தெருவில் தூக்கிப் போட்டதை. எதிர்வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று அம்மா சொன்னதில்லை. இந்தப் பெட்டிகளில் எங்கேயாவது அவர்களும் இருப்பார்கள். கறுப்பின ஆட்களின் அட்டைகள் தனிக் கட்டு, அவர்களை அறுபத்தைந்தாம் வருஷம் வரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் விட்டதில்லை, பஞ்சுப் பொதி இறக்க, முற்றம் கூட்ட, பழைய அட்டைகளில் அவர்களுக்குக் குடும்பப் பெயர்கூடக் கிடையாது, வெறும் 'எஸ்ரா, முற்றம்', அடுத்ததில் 'எஸ்ராவின் மகன், முற்றம்'. ஏற்றும்போது அது மேலாக இருந்தது, பார்த்தாள், சட்டென்று மூடினாள். ராய்ஸ் சொல்வது ஒரு விதத்தில்… இல்லை, ராய்ஸ் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான். அவள்? அவள் யாரைக் காப்பாற்றுகிறாள்?

பதினாறு வயதில் அவள் நூல் நூற்கிற ஸ்பின்னிங்குக்குப் போனாள், கார்டிங் இல்லை, ஸ்பின்னிங், தூசி குறைவு, அதுவே ஓர் அதிர்ஷ்டம், அறுந்த இழையைக் கண்டதும் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும், அவள் விரல்கள் வேகமானவை, வெண்டல் காலேஜ் முடித்துவிட்டு ஒவ்வொரு பிரிவாகத் தொழில் பழக வந்தபோது அந்த விரல்களைத்தான் முதலில் பார்த்தானாம், அப்புறம்தான் முகத்தை, அதை அவன் எல்லாரிடமும் சொல்லுவான், சிரிப்பார்கள். மேட்டு வீட்டுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் உப்பைக் கேட்டதும் மேசையே திடுக்கிட்டது, இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல், மாமியார் அவள் கையைத் தொட்டு, "இங்க மெஷின் எதுவும் ஓடலியே கண்ணு" என்றாள். மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அக்காவைக் கார்டிங்கிலிருந்து எடுத்துத் துணி மடிக்கிற பிரிவுக்கு மாற்றச் சொல்லி வெண்டலிடம் கேட்டாள், அவன் உடனே சரி என்றான், அக்காதான் வரமாட்டேன் என்றுவிட்டாள், "முதலாளியம்மாவாப் போன தங்கச்சி கொடுத்த நாற்காலியில உக்காந்தா மத்தவங்க என்னோட சோறு தின்பாங்களா" என்று கேட்டாள், ஒரு மாதம் பேசவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டாள்தான், மூன்றாம் தடவையும் கேட்டாள். அதே பதில். பதில் அதுதான் என்று தெரிந்துகொண்டு கேட்பதும் கேட்பதுதானா… இருமல் வந்துவிட்டது அக்காவுக்கு, அந்த அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல், நெல்டா காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தாள்.

"நிறுத்தேன் எங்கயாவது. வேகவச்ச கடலை தின்னணும் போல இருக்கு."

பெட்ரோல் பங்கு ஒன்று வந்தது, ஓரமாகப் பெரிய அண்டாவில் கடலை கொதித்துக்கொண்டிருந்தது, உப்பு வாசனை. நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு நெல்டா கடைக்குள்ளே போனாள், உள்ளே குளிர்ச்சி, முன்னால் ஒருவன் லாட்டரிச் சீட்டு பொறுக்கிக்கொண்டிருந்தான், ஆற அமர, உலகத்திலேயே அதுதான் வேலை என்பது போல, அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள், முன் சீட்டில் அக்கா இல்லை. அப்புறம் தெரிந்தாள், வண்டியின் பின் கதவைத் திறந்து அந்த விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள், சிலிண்டரை எப்படித் தூக்கிக்கொண்டு வந்தாளோ, ஒரு பெட்டியின் மூடி தரையில் கிடந்தது, மடியில் அட்டைகள். படிக்கிறாள். அக்காவுக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும், உதடு அசைந்தது, மில்லில் யாரும் யாருடைய குரலையும் கேட்க முடியாது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்வம்பு முழுக்க உதட்டிலேயே ஓடும், நெல்டாவுக்கு அது இன்னும் மறக்கவில்லை, கண்ணாடிக்கு அப்பால் அக்காவின் உதடு சொன்னது நன்றாகத் தெரிந்தது. டில்லார்ட், லாட்டி. அம்மா. ஸ்பின்னிங். குழந்தை இறந்த பிறகு வேலை மந்தம்… அக்கா நிறுத்தினாள். மறுபடி அந்த இடத்துக்கே வந்தாள். நூற்கும் ஃபிரேம் முன்னால் நின்று அழுகிறாள். எச்சரிக்கப்பட்டது. 

கடைக்காரன் "மேடம்?" என்றான். நெல்டா கடலைப் பொட்டலத்தை வாங்கினாள், சூடு, கையைச் சுட்டது, சுடுகிறது என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

தம்பி டூயி காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்து, சவப்பெட்டி ஷூப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, அம்மா புதைத்துவிட்டு வந்து அடுப்பை மூட்டினாள், மறுநாள் சங்கு ஊதியதும் எழுந்து போனாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒரு சொட்டு. பாட்டிகள், அத்தைகள், பாதிரியார் மனைவி எல்லாரும் சொன்னார்கள், லாட்டிக்குக் கல் மனசு என்று. பிள்ளைகளும் நம்பினார்கள். அம்மா செத்த பிறகும் நம்பினார்கள், கல்லறையில் நின்றுகொண்டு அக்காவே சொன்னாள், "நல்லவதான், ஆனா கல்லு" என்று…

நெல்டா எதிரே போய் நின்றாள். அக்கா அட்டையை நீட்டவில்லை. 

"அங்கதான் அழுதிருக்கா. சத்தத்துல யாருக்கும் கேக்காதுன்னு அங்க வச்சு அழுதிருக்கா. நாலு பேரு பாக்கறான், மேஸ்திரி பாக்கறான், ஆனா நமக்குத் தெரியக்கூடாதுன்னு."

"அக்கா…"

"நம்மகிட்ட மறைச்சதை, நம்ம ரெண்டு பேருகிட்ட மறைச்சதைக் கொண்டுபோய், எவளோ காலேஜ்ல படிச்சவ கையில குடுக்கப் போறியாடி? அவ என்ன பண்ணுவா இதை வச்சு? பாவம்னு சொல்லுவா. பஞ்சு மண்டைங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருக்குன்னு சொல்லுவா. டவுன்ல நாம நடந்தா மூக்கைப் பொத்திக்கிட்டுப் பஞ்சு மண்டைன்னு சிரிச்சவங்க பேத்தியாத்தான் இருப்பா அவ." 

அவ்வளவு பேசியதற்கு மூச்சு போதவில்லை, இரண்டு கையாலும் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், நெல்டா சிலிண்டரின் திருகை ஒரு சுற்று திறந்தாள். அப்படியென்றால் அக்கா இதற்குத்தான் வந்தாளா, தடுக்கவா, ராய்ஸும் அக்காவும் ஒரே பக்கமா, என்ன கூத்து இது… மேட்டு வீட்டுக்காரனுக்கும் ஆற்றோரக்காரிக்கும் ஒரே ஆசை, எல்லாம் அழிந்து போகட்டும், நடுவில் நிற்கிறவள் ஒருத்திக்குத்தான் இருக்க வேண்டும் என்கிற வெறி. அழிந்திருந்தால் அம்மா கல்லாகவே இருந்திருப்பாளே அக்கா. அதை வாய்விட்டுச் சொன்னாளா? சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அக்கா அட்டையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். 

"சரி," என்றாள் நெல்டா, "நம்மளோடதை மட்டும் எடுத்துடலாம். அம்மாவுது, அப்பாவுது, உன்னுது. வீட்டுல வச்சுக்க. மத்தது போகட்டும்."

"நம்மளோடது மட்டுமா?" அக்கா சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "அப்ப எதிர்வீட்டுக்காரங்க? அந்த எஸ்ரா? எல்லாரையும் அம்மணமா நிக்க வச்சுட்டு நாம மட்டும் போர்த்திக்கறதா? அதைத்தான் உன் புருஷன் பண்ணிட்டானே."

"என்ன பண்ணான்?"

"உன் அட்டை எங்கடி?"

டில்லார்ட் ஆல்பர்ட், டில்லார்ட் லாட்டி, டில்லார்ட் வெர்டி. நடுவில் ஒன்று இல்லை. நெல்டாவுக்கு அது தெரியும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வெண்டல் சொன்னான், அலுவலகத்துக்குப் போய் உன் அட்டையை உருவிவிட்டேன், சம்ரல் வீட்டுப் பெண் ஆள் அட்டையில் இருக்கலாமா என்று, ஏதோ பூ பறித்துக்கொண்டு வந்தவன் மாதிரி சொன்னான், அவளுக்கு அப்போது என்ன தோன்றியது… பெருமை. பெருமைதான் தோன்றியது, பொய் சொல்வானேன், யாரோ தன்னைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுத்த மாதிரி. ஆறு வருஷ வேலை. ஆறு வருஷ இழைகள். அந்த அட்டையை அவன் என்ன செய்தான் என்று அவள் கேட்டதே இல்லை, கிழித்தானா, அடுப்பில் போட்டானா, அவன் போன பிறகு மேசை இழுப்பறைகளைத் துழாவியபோது அதைத்தான் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடினாள், கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் இந்த வெறி பிடித்தது. அக்காவுக்காக, அம்மாவுக்காக என்று அவள் ஊருக்குச் சொன்னாள், தனக்கே சொல்லிக்கொண்டாள். 

"எங்க மானத்தைக் கொண்டுபோய் மேசையில பரப்புவ, உன்னோடது மட்டும் அதுல கெடையாது. நல்லா இருக்குடி நியாயம்."

பெட்டியின் கடைசியில் எழுதாத அட்டைகள், நூலால் கட்டியிருந்தார்கள், சம்ரல் நூல்தான், அறுக்கவே வரவில்லை. நெல்டா பல்லால் கடித்து ஒன்றை உருவினாள். கைப்பையிலிருந்து பேனா. அக்கா புருவத்தைத் தூக்கினாள். நெல்டா வண்டி விளிம்பில் அக்காவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், கால்கள் தரையில் படவில்லை, அறுபத்துச் சொச்சம் வயதில் இரண்டு கிழவிகள் பெட்ரோல் பங்கில் காலை ஆட்டிக்கொண்டு…

"பேரு?" என்றாள் அக்கா, தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு. அந்தக் காலத்து மேஸ்திரியின் குரல், அப்படியே.

"உனக்குத் தெரியாதா?"

"மேஸ்திரி கேட்டா பதில் சொல்லணும். வாயாடினா அரை நாள் சம்பளம் போயிடும்."

"டில்லார்ட், நெல்டா."

"பிரிவு?"

"ஸ்பின்னிங். ரெண்டாவது ஷிப்ட்."

"குறிப்பு, எழுதிக்கோ. வேலை சுத்தம். வாய் நீளம். இழை முடியறப்ப பாட்டுப் பாடும், பாட்டு சகிக்காது. முதலாளி மகன் வர்றப்ப மட்டும் தொடச்ச எடத்தையே தொடைக்கும்."

"அக்கா!"

"எழுதுடி. நான் பாத்தது அது." சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, நெல்டா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், எலும்பு எலும்பாகக் கையில் தட்டியது, எப்போது இவ்வளவு மெலிந்தாள், தினமும் பார்க்கிறவளுக்குத் தெரியாமல் போய்விட்டதா, தினமும் எங்கே பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கோழிக் குழம்பைக் கொடுத்துவிட்டு வருவதற்குப் பெயர் பார்ப்பதா… எல்லாவற்றையும் எழுதினாள், சொன்னது சொன்னபடி. கடைசியில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது, விலகிய காரணம் என்று அச்சிட்டிருந்தது. மற்ற அட்டைகளில் அதற்கு ஒரு வார்த்தை, அதிகம் போனால் இரண்டு. இறப்பு. கர்ப்பம். வேறு மில். நீக்கம். அம்மாவுக்கு, வயது. அக்காவுக்கு, உடல்நிலை. "கல்யாணம்னு போடு" என்றாள் அக்கா. பேனா முனை அட்டையில் பட்டது, சின்ன மைப்புள்ளி விழுந்தது, பின்னாலிருந்து ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான், நகரும்மா என்று கையை ஆட்டினான், நெல்டா அட்டையை லாட்டிக்கும் வெர்டிக்கும் நடுவில் செருகி மூடியைப் போட்டாள்.

அக்கா முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்து குழாயைச் சரி செய்துகொண்டாள். நெல்டா சாவியைப் போடாமல் காத்திருந்தாள். எந்தப் பக்கம் என்று கேட்கவேண்டும், கேட்கப் பயமாக இருந்தது.

"ஓட்டேன். வெயில் ஏறுது." கடலையின் தோலை உரித்து ஒன்றை நெல்டாவின் வாயில் போட்டாள். அவ்வளவுதான் சம்மதம்.

பல்கலைக்கழகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொள்ள வந்த பெண்ணின் பெயர் லெஸ்லி, ஒல்லியாக, மூக்கில் வெயிற்புள்ளிகளோடு, தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றுவதற்கு முன்னால் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டாள், அக்கா அதையே பார்த்தாள்.

"அது பருத்தியா பொண்ணே?"

"ஆமா மேடம்."

"எங்க நெய்தது? பாத்துச் சொல்லேன்."

அந்தப் பெண் கழற்றி உள்ளே தைத்திருந்த துண்டைப் பார்த்தாள், முகம் சிவந்தது. "சீனாவுல, மேடம்."

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள், அந்தப் பெண்ணுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள். அவள் அப்பாவின் அம்மாகூட ஒரு மில்லில் இருந்தாளாம், வட கரோலினாப் பக்கம், வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்களாம். "பேசமாட்டாங்க" என்றாள் அக்கா, சிரிப்பை நிறுத்திவிட்டு. பிறகு சிலிண்டரை இழுத்துக்கொண்டு கிட்டே போய், அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, "எங்கம்மா இதுக்குள்ள இருக்கா. படி, வேண்டாங்கலை. ஆனா வாய்க்குள்ளயே படிச்சுக்க. சத்தம் போட்டுப் படிக்காத" என்றாள். பெண் தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. அதற்காகவே நெல்டாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தள்ளுவண்டி கதவுக்குள் போனது, ஒரு சக்கரம் கீச்சிட்டது, கதவு தானாக மூடிக்கொண்டது, இவ்வளவுதானா, நூறு வருஷ மில் ஒரு கதவுக்குள் போய்விட்டது, நெல்டா அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, கைப்பையில் வண்டிச் சாவியைத் தேடினாள்.

திரும்பும்போது வண்டி லேசாகத் துள்ளியது, பின்னால் பாரமில்லை. சாயங்காலத்துக்குள் ராய்ஸுக்குத் தெரிந்துவிடும், தெரிந்திருக்கும், இடிக்கிற ஆட்கள் சொல்லியிருப்பார்கள், வாசலுக்கு வருவான், அல்லது வரமாட்டான், இனி எப்போதுமே வரமாட்டான், வெண்டலின் கல்லறைக்கு ஆளுக்கொரு நேரத்தில் போய்க்கொள்ள வேண்டியதுதான்… என்ன சொல்லப்போகிறாள் அவனிடம், உன் கையெழுத்தும் போயிருக்கிறது ராய்ஸ், என்னுடையதும் போயிருக்கிறது என்றா. அக்கா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தாள்.

"அந்தக் கடைசிக் கட்டத்தை ஏன்டி வெறுமனே விட்ட?"

"மறந்துட்டேன்."

"பொய்."

பொய்தான். லாரிக்காரன் ஹாரன் அடிக்காவிட்டாலும் எழுதியிருக்க மாட்டாள். கல்யாணம் என்று எழுதத்தான் பேனாவை வைத்தாள், அந்த வார்த்தை இறங்கவில்லை, அதற்குப் பதில் வேறொன்று விரலுக்கு வந்துவிட்டது, விலகவில்லை என்று. கை அப்படியே நின்றுவிட்டது. விலகவில்லை என்றால் அந்த மேசையில் நாற்பது வருஷம் குரலைத் தாழ்த்தி உப்புக் கேட்டவள் யார், வெண்டலின் காய்ச்சலுக்குப் பக்கத்தில் விழித்திருந்தவள் யார், அது நடிப்பு இல்லையே, அவனை அவளுக்குப் பிடிக்கும், இன்னும் கட்டிலின் அவன் பக்கத்தில் அவள் படுப்பதில்லை. விலகினாள் என்றால், இன்றைக்குக் கண்ணாடிக்கு அப்பால் ஓர் உதடு அசைந்ததும் ஒரு வார்த்தை தவறாமல் படித்தவள் யார்…

"அக்கா, உன்னுதுல உடல்நிலைன்னு போட்டிருக்கே. அதுதான் காரணமா?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "அன்னிக்கு சங்கு ஊதுச்சு. எந்திரிக்கணும்னு பாத்தேன், முடியல. அவ்வளவுதான் நடந்தது. காரணமெல்லாம் அவங்க போட்டுக்கறது."

அவர்கள் போட்டுக்கொள்வது. நெல்டா அதை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பெரியவர் இல்லை, மேஸ்திரிகள் இல்லை, வெண்டல் இல்லை, மில்லே இல்லை… அவளுடைய கட்டத்தில் எழுதக்கூடியவர்கள் இனி யாரும் வரப்போவதில்லை. அங்கே அந்த அறையில், அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவில், ஒரு மைப்புள்ளியோடு அது அப்படியே இருக்கும். யாராவது ஒரு பெண் ஒரு நாள் எடுத்துப் பார்ப்பாள், கடைசியில் வந்து நிற்பாள், இந்தப் பொம்பளைக்கு என்ன ஆயிற்று என்று யோசிப்பாள், வாய்க்குள்ளேயே. நெல்டாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டு ஓட்டினாள், முன்னால் ஒரு டிராக்டர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, தாண்டிப் போக வழி இருந்தும் தாண்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை…